கரும்பாறையின் குரல்

மார்ச் 3, ஞாயிறு

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு லீவு. வாரமெல்லாம் கண்ணாடி தேய்த்து விரல் நுனி மரத்துக் கிடக்கிறது. மதியமே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து வடக்குக் கோட்டையைப் பிடித்தோம். விளையாட்டில் நாற்பது பேர் படைக்கு நான்தான் தலைவன். பெயர் கரும்பாறை. ஆறரை அடி, இடுப்பு வரை தாடி. அந்தத் தாடிக்குப் பின்னால் ஒரு பெண் இருப்பது மூன்று வருடமாக யாருக்கும் தெரியாது. மைக் ரிப்பேர் என்று சொல்லியே ஓட்டிவிட்டேன். கட்டளையெல்லாம் டைப் அடிப்பதுதான்.

முதல் நாள் உருவம் படைக்கும்போது 'பெண்' என்றுதான் அழுத்தினேன். அதே இரும்புக் கவசம், வயிற்றுப் பக்கம் மட்டும் காணாமல் போனது! பலத்தில் இரண்டு புள்ளி குறைந்து அழகில் இரண்டு ஏறியது. வாள் பிடிக்க வந்தவளுக்கு அழகு எதற்கு? எரிச்சலில் தாடியை ஒட்டினேன்.

மார்ச் 10, ஞாயிறு

துணைத்தலைவன் கழுகு புது விதியோடு வந்தான். "பொண்ணுன்னு சொல்லிக்கிட்டு வர்றவங்க வாய் தொறந்து பேசிக் காட்டணும் தலைவரே. இல்லாட்டி வெளிய." பகீரென்றது. மறுத்தால் என்னையே சந்தேகப்படுவார்கள்.

சரி என்று டைப் அடித்தேன்.

மார்ச் 15, வெள்ளி

காயம் ஆற்றும் வெண்புறா பேசிக் காட்டினாள். குரல் நடுங்கியது.

மார்ச் 17, ஞாயிறு

படையின் பொதுப்பக்கத்தில் ஒரு படம். வெண்புறா வீட்டு வாசலாம். நீலக் கதவு, கொடியில் துணி. எப்படிக் கண்டுபிடித்தார்களோ. "வந்தா டீ கெடைக்குமா?" என்று ஆளாளுக்குச் சிரித்தார்கள். நானும் ஒரு சிரிப்பு எமோஜி போட்டேன்.

ஏன் போட்டேன்? பயம். வேறென்ன? வெண்புறா படையை விட்டே போய்விட்டாள்.

மார்ச் 20, புதன்

இடது கண்ணாடியை வலது பக்கம் பொருத்திவிட்டேன். "மனசு எங்கம்மா இருக்கு?" என்றார் முதலாளி. நீலக் கதவில் இருக்கிறது.

மார்ச் 24, ஞாயிறு

"தலைவரும் பேசணும்ல? ரூல்னா எல்லாருக்கும் ரூல்தான்." கழுகுதான். ஒரு வாரம் டைம். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

மார்ச் 31, ஞாயிறு

தம்பியிடம் கெஞ்சினேன். அவனுக்கு இந்த விளையாட்டு என்றாலே கேலி. "ஒரே ஒரு தடவை பேசிடுடா."

"எனக்கு என்ன கெடைக்கும்?"

"ஒரு மாசம் உன் துணி என் பொறுப்பு."

தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேசினான். "இதுதான்யா தலைவர் குரல்!" என்று கழுகு குதித்தான். அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது.

ஏப்ரல் 7, ஞாயிறு

நான் கேட்காமலே தம்பி வந்து உட்கார்ந்தான். "என்னத்தானக்கா கூப்பிடறாங்க." முதலில் நான் எழுதியதை வாசித்தான். பிறகு சொந்தமாகக் கட்டளை போட்டான். கோட்டை பறிபோனது. ஒருவன்கூடக் கோபப்படவில்லை.

ஏப்ரல் 12, வெள்ளி

பாஸ்வேர்டை மாற்றிவிட்டான். தன் அறையிலேயே விளையாடுகிறான். "ஆம்பளைங்க வெட்டுக்குத்துல உனக்கென்னக்கா வேலை?" மூணு வருஷம்டா பாவி! என் மூணு வருஷம்! கத்திக்கொண்டே இருந்தேன். கதவைச் சாத்திக்கொண்டான்.

ஏப்ரல் 13, சனி

சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்பு. கழுகின் சிரிப்பைப் போலவே சிரிக்கிறான்.

ஏப்ரல் 21, ஞாயிறு

புது உருவம் படைத்தேன். பெண். பாதிக் கவசம். அந்தப் படையிலேயே சேரக் கேட்டேன்.

"வாய் தொறந்து பேசும்மா," என்றான் கழுகு. அடுத்து கரும்பாறை: "வீடு எங்க? கதவு என்ன கலர்?" ஹெட்போனிலும் கேட்டது, சுவர் வழியாகவும் கேட்டது. மைக்கை அழுத்தினேன்.

"உன் வீட்டுக் கதவுதான்டா. நான் உன் அக்கா."

பக்கத்து அறையில் நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ ஒருவன் "அக்காவா?" என்று சிரித்தான். பிறகு கனைத்துக்கொண்ட அந்தக் குரல்: "யாருன்னே தெரியல. வெளிய தள்ளுங்க."

ராத்திரி சாப்பிடும்போது அவன் தலை நிமிரவில்லை. தண்ணீர் மட்டும் கேட்டான். ஊற்றினேன்.

ஏப்ரல் 23, செவ்வாய்

கடையிலிருந்து பொதுப்பக்கத்தைப் பார்த்தேன். கரும்பாறை ஒரு படம் போட்டிருக்கிறான். 'அக்கான்னு கதை விட்டவ வீடு.' பச்சைக் கதவு. ஓரத்தில் என் செருப்பு. முப்பது பேர் சிரித்திருக்கிறார்கள்.

படத்தில் உள்தாழ்ப்பாள் தெரிகிறது. உள்ளே நின்று எடுத்திருக்கிறான்.