ஜமால் காக்காவின் விலாங்கு ஊசி

அண்ணனாக இருந்து என்னை அடித்தே அன்பு வளர்த்த ஜமால் காக்காவுக்கு,

நீங்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் விலாங்கு மீன்கள் உண்டா? அவற்றின் முகத்தில் எப்படி விழிக்கிறீர்கள்? பர் துபாய் ஜப்பான் ஓட்டலில் நீங்கள் கொன்றவை எல்லாம் வாசலிலேயே வரிசை கட்டி நிற்குமே!

துள்ளுகிற விலாங்கைப் பலகையில் அமுக்கி, கண்ணுக்குக் கீழே ஊசியை வைத்துச் சுத்தியலால் ஒரே போடு. அது உங்கள் மணிக்கட்டைச் சுற்றி நெரிக்கும். நீங்கள் முதுகைக் கிழித்து முள்ளை உருவுவீர்கள். தலை வேறான பிறகும் இதயம் துடிக்கும். சர்வராகிய நான் கதவோரம் நின்று நடுங்கிவிட்டு, அதையே சிரித்தபடி பரிமாறுவேன்.

ஒருமுறை நம்மூர் வியாபாரி ஒருவரிடம், "இது பாம்புக்குச் சித்தப்பா மகன்" என்று வாய்விட்டேன். மனிதர் குடும்பத்தோடு எழுந்து போய்விட்டார். நீங்கள் என் சட்டைக் கையைப் பலகையோடு சேர்த்து ஊசியால் அறைந்தீர்கள். "இனிமே வாயத் தொறந்தே, அடுத்தது நாக்குடா!" அன்று என் சோற்றில் பெரிய விலாங்குத் துண்டை ஒளித்து வைத்ததும் நீங்கள்தான். அது மன்னிப்பா, மிரட்டலா?

சாப்பிடும்போது சொன்னீர்கள்: "நான் மவுத்தாயிட்டா இந்த ஊசிய ஊர்ல உன் மச்சி, அதான் என் பொண்டாட்டி, அவ கையில சேத்துடு. நான் ஏதோ ஆபீஸ்ல இருக்கேன்னு நெனச்சிட்டிருக்கா. எதக் குத்திச் சோறு போட்டேன்னு பாக்கட்டும்." அப்புறம் ஒருநாள் ரூமில் தூங்கிய நீங்கள் எழவே இல்லை.

நேற்று விலாங்குகளுக்கு அஞ்சலி. வருஷா வருஷம் கொன்ற மீன்களுக்கு ஊதுபத்தி ஏற்றி ஜப்பான் மாஸ்டர் தலைகுனிவாரே, அதுதான். "கொல்றதயும் கொன்னுட்டுக் கும்புடு வேறயா? நான் படச்சவனுக்கு மட்டும்தான் குனிவேன்" என்று நீங்கள் மட்டும் நிமிர்ந்து நிற்பீர்கள்.

அதற்குச் சற்று முன்னால் மேனேஜர் செல்வின் உங்கள் ஊசியை எடுத்துப் புது ஆளிடம் நீட்டினார்.

"சார், அது காக்காவோடது. ஊருக்குப் போகணும்."

"செத்தவனுக்கு எதுக்குய்யா ஊசி? அங்க போயும் மீன் குத்தப்போறானா?"

என் வீரம் உங்களுக்குத் தெரியும். கரப்பானைக் கண்டால் நாற்காலி மேல் ஏறுகிறவன். ஊசியைப் பிடுங்கினேன், செல்வினின் கழுத்தைப் பிடித்துப் பலகையில் அமுக்கினேன், டையைப் பலகையோடு சேர்த்து ஊசியால் அறைந்தேன். விலாங்கு ரத்தத்தில் தாடையைத் தேய்த்தபடி "போலீஸ்!" என்று அலறினார். காக்கா, இன்னும் ஒரு விரல் தள்ளியிருந்தால் தொண்டை. என் கை முதலில் அங்கேதான் போனது.

மாஸ்டர் ஓடி வந்தார். ஊசியைப் பிடுங்கினார், கழுவினார், ஊதுபத்திக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணியில் வைத்தார். "ஜமால்-சான்" என்று மரியாதையாய் அழைத்து இடுப்புவரை குனிந்தார். அடுக்களையே குனிந்தது, டை கிழிந்த செல்வின் உட்பட. மீனோடு சேர்த்து உங்களையும் கும்பிட்டுவிட்டார்கள். கோபமா? நான் மட்டும் நிமிர்ந்து நின்றேன், உங்கள் சார்பில்.

ஊசியை மாஸ்டர் என் கையில் கொடுத்தார். விசா கேன்சல் தாளைச் செல்வின் கொடுத்தார். கலாஸ், எல்லாம் முடிந்தது. வெள்ளிக்கிழமை விமானம்.

பெட்டியில் லுங்கிக்குள் ஊசி தூங்குகிறது. மச்சி கையில் சேர்ப்பேன், சத்தியம். "ஆபீஸ்ல அவங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்டால் சட்டைக் கையைக் காட்டுவேன்.

அந்த ஓட்டையை இன்னும் தைக்காத,
உங்கள் தம்பி முருகேசன்