ஜப்பாரின் வண்டியும் சும்மா இராத என் கையும்

7-6-1981, ஞாயிறு

இன்றும் வண்டியை ஸ்டார்ட் செய்து பத்து நிமிஷம் ஓடவிட்டு அணைத்தேன். ஜப்பார் சொல்லிவிட்டுப் போனது அவ்வளவுதான். வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணு, மாதம் ஒரு தடவை கழுவு, வேறு எதிலும் கை வைக்காதே. கடையநல்லூரில் அவன் வீட்டுச் சந்துக்குள் கார் நுழையாது. அதனால் அவன் வாங்கிய பழைய அம்பாசடர் என் வீட்டுப் பின்னால் மாட்டுக் கொட்டகையில் நிற்கிறது. மாட்டை விற்று மூன்று வருஷமாகிறது.

அவனும் நானும் பதினேழு வயதில் ஒரே லாரி ஷெட்டில் கிரீஸில் புரண்டவர்கள். அவன் ஓட்டப் போனான், நான் கழற்றப் போனேன். இப்போது அவன் சவுதியில் டிரைவர், நான் சங்கரன்கோவிலில் விசைத்தறி மெக்கானிக். நோன்புப் பெருநாளுக்கு வருகிறான். மகள் ஜன்னத்துக்கு நிக்காஹ். மாப்பிள்ளை இந்த வண்டியில்தான் வரவேண்டுமாம்.

அது முடிந்ததும் என் விசா. அவன் கம்பெனிக்கு ஒரு மெக்கானிக் வேண்டும். அவன் கை காட்டுகிற ஆளை எடுப்பார்கள். பீரோவில் சேலைகளுக்கு அடியில் பாஸ்போர்ட் இருக்கிறது. வாரம் ஒரு தடவை அதையும் எடுத்துப் பார்க்கிறேன். ஸ்டார்ட் பண்ணத்தான் முடியவில்லை.

14-6-1981, ஞாயிறு

காற்று பிடித்துவிட்டது. ஆடிக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, அதற்குள் புழுதி சோற்றில் விழுகிறது.

ஸ்டார்ட் செய்தபோது இன்ஜின் சத்தத்தில் ஒரு இழுப்பு. பானட்டைத் திறந்தேன். ஏர் கிளீனரைத் திறந்தேன். திறந்திருக்கக் கூடாது. உள்ளே வலை மக்கிக் கிழிந்து, செம்மண் அப்பிக் கிடக்கிறது. இன்ஜின் மூச்சிழுப்பது அந்த வழியாகத்தான். சூடடிக்கிற களத்தில் வாயைத் திறந்துகொண்டு படுத்த மாதிரி இத்தனை நாள் இருந்திருக்கிறது. இப்படியே ஓடினால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிடும்.

தட்டிச் சுத்தம் செய்து மாட்டிவிட்டேன். அதோடு விட்டுவிட வேண்டும்.

17-6-1981, புதன்

விடவில்லை. தறிக்கு முன்னால் நிற்கிறேன், மனம் கார்புரேட்டருக்குள் நிற்கிறது. ஓடுகிற தறியை நிறுத்திவிட்டு, நின்ற தறிக்கு எண்ணெய் விட்டேன். முதலாளி பார்த்துவிட்டார்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். வள்ளித்தாய் முறத்தைக்கூடக் கீழே வைக்கவில்லை. "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி" என்றாள். அவளுக்கு என்ன தெரியும் ரிங்கைப் பற்றி?

21-6-1981, ஞாயிறு

ஊதிவிட்டேன்.

டிராக்டர் பட்டறையில் கழித்துப்போட்ட எண்ணெய்க் கிண்ணம் ஒன்று கேட்டு வாங்கினேன், உள்ளே வரும் புழுதி அந்த எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும். அதற்கு மேல் பால்பவுடர் டப்பா. டப்பாவுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே லாரி ரேடியேட்டரின் பழைய ஹோஸ். காற்று ஒழுகாமலிருக்க சைக்கிள் டியூபை வளையமாக வெட்டிப் போட்டேன். காற்றிழுக்கும் வாயையும் இன்ஜின் பக்கத்திலிருந்து உயர்த்தி முன்கண்ணாடியின் கீழ் வரைக்கும் கொண்டுபோனேன், அங்கே புழுதியும் குறைவு சூடும் குறைவு. டப்பாவுக்குள் தறி ஷெட்டுக் கழிவுப் பஞ்சை அடைத்தேன். பஞ்சுக்கா இந்த ஊரில் பஞ்சம்?

நன்றாக வந்திருக்கிறது. வெகு நாளைக்குப் பிறகு பசி எடுத்துச் சாப்பிட்டேன்.

22-6-1981, திங்கள்

பஞ்சை இன்ஜின் தின்றுவிட்டது. கார்புரேட்டரின் ஜெட் துளையெல்லாம் நூல். முட்டாள், முட்டாள். இரண்டு மணி நேரம் ஊசியால் எடுத்தேன்.

28-6-1981, ஞாயிறு

பஞ்சு பிரிந்து வரும், நார் வராது. தேங்காய் நாரை எண்ணெயில் ஊறவைத்துப் பிழிந்து, கீழும் மேலும் கம்பி வலை வைத்து அடைத்தேன். கால் மணி நேரம் ஓடியது. சத்தம் சீராக இருக்கிறது. வள்ளித்தாய் பாத்திரம் தேய்க்க நார் இல்லை என்று தேடிக்கொண்டிருந்தாள். நான் பானட்டை மூடினேன்.

5-7-1981, ஞாயிறு

ஓட்டிப் பார்க்காமல் எப்படித் தெரியும்? ஸ்டார்ட் மட்டும்தான் பண்ணச் சொன்னான், தெரியும். ஆனால் நின்ற இடத்தில் நிற்கிற வண்டி புழுதி தின்னாதே.

என் பழைய வேட்டியில் இரண்டு துண்டு கிழித்தேன். முதலில் பழைய ஏர் கிளீனரை மாட்டி, கார்புரேட்டர் வாயில் ஒரு துண்டைக் கட்டி, புளியங்குடி போய்த் திரும்பினேன். துணி செங்காவி. பிறகு என்னுடையதை மாட்டி இன்னொரு துண்டு, அதே ரோடு, அதே காற்று. எலுமிச்சம்பழ லாரிக்குப் பின்னாலேயே வேண்டுமென்று ஓட்டினேன். துணி கட்டியது கட்டியபடி வெள்ளையாக இருந்தது!

கொட்டகையில் தனியாக நின்று சிரித்தேன். யாரிடமாவது காட்ட வேண்டும்போல் இருந்தது. ஜப்பாரிடம்தான் காட்டவேண்டும். இதைப் பார்த்தால் அவன் முதலாளியிடம் இரண்டு கையையும் காட்டுவான்.

துணி இரண்டையும் மடித்துப் பாஸ்போர்ட்டோடு வைத்தேன். பழைய ஏர் கிளீனரை மிச்சத் தகரங்களோடு சாக்கில் போட்டுக் கொட்டகை வாசலில் வைத்திருக்கிறேன்.

9-7-1981, வியாழன்

வேலை விட்டு வந்ததும் வள்ளித்தாய் பேரீச்சம்பழம் தந்தாள். நல்ல இனிப்பு. எட்டு தின்றேன்.

16-7-1981, வியாழன்

ஜப்பார் கடிதம். பெருநாளுக்கு நான்கு நாள் முன்னால் வந்துவிடுவானாம். இன்ஷா அல்லாஹ் உன் காரியமும் முடியும் என்று எழுதியிருக்கிறான். கடைசி வரி: 'வண்டி விட்டபடியே இருக்கும் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.'

விட்டபடியே. நான்கு தடவை படித்தேன். துணியைக் காட்டலாம், பிறகு காட்டலாம், நிக்காஹ் முடியட்டும். முதலில் பழையதை மாட்டிவிடுவோம். நாளைக்குக் காலையில் முதல் வேலை அதுதான்.

17-7-1981, வெள்ளி

சாக்கைக் காணோம்.

வள்ளித்தாயைக் கேட்டேன். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிக்கொண்டு சைக்கிள்காரன் வந்தானாம். போட்டுவிட்டாளாம். நான் தின்றது அதைத்தான்! நல்ல இனிப்பு என்று இந்த நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறேன்.

கத்தினேன். அவளும் விடவில்லை. "நான் என்னத்தக் கண்டேன்? நீங்கதான கழிச்ச தகரத்தோட சேத்து வாசல்ல வச்சிய. ஒசத்தியான சாமான்னா பீரோவுல வைக்க வேண்டியதுதான?"

பீரோவில் கிழிந்த வேட்டியை வைத்திருக்கிறேன்.

18-7-1981, சனி

லீவு போட்டேன். சைக்கிள்காரன் ராயகிரி ஆள் என்று விசாரித்துப் போனேன். நல்ல மனுஷன், ஞாபகம் வைத்திருந்தான். வண்டிச் சாமான் மாதிரி ஒன்று கிடந்தது, சம்மட்டியால் அடித்துத் தட்டையாக்கித்தான் கொடுத்தேன் என்றான். லோடு போய் ஒரு வாரமாகிறது. எனக்கு மோர் கொடுத்தான்.

24-7-1981, வெள்ளி

அதே மாதிரி ஏர் கிளீனர் தென்காசிக் கடைகளில் இல்லை. திருநெல்வேலியில் சொல்லி வைத்தால் இருபது நாளாம். ஒன்பது நாளில் பெருநாள்.

இது வேண்டாத வேலை. தெரிந்தேதான் செய்தேன். செய்யாமல் இருந்திருந்தால் இருந்திருப்பேனா? அதுவும் தெரியவில்லை.

4-8-1981, செவ்வாய்

ஜப்பார் வந்தான். பெருநாள் வேலை முடிந்து இன்றுதான் வர முடிந்ததாம். அத்தர் மணக்கக் கட்டிப்பிடித்தான். எனக்கு ஒரு டார்ச், வள்ளித்தாய்க்குச் சேலை, ஒரு பெட்டி பேரீச்சம்பழம்.

கொட்டகைக்குப் போனோம். சாவியைத் திருப்பினான், உடனே அணைத்தான். டிரைவர் காது. பானட்டைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே நின்றான். பால்பவுடர் டப்பாவில் குழந்தைப் படம் இன்னும் போகவில்லை. அது அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

நான் ஓடிப்போய்த் துணிகளை எடுத்து வந்தேன். எல்லாம் சொன்னேன், நிறுத்தாமல் சொன்னேன். செங்காவித் துணியைப் பார்த்தான், வெள்ளைத் துணியைத் தடவிப் பார்த்தான்.

"வேலை சுத்தமாத்தான் இருக்கு. பழசு எங்கவே?"

"பேரீச்சம்பழத்துக்குப் போயிட்டு."

அந்த நேரம் பார்த்து வள்ளித்தாய் அவன் கொண்டுவந்ததையே தட்டில் வைத்து எடுத்து வருகிறாள். யாரும் எடுக்கவில்லை. தட்டோடு உள்ளே போய்விட்டாள்.

ஜப்பார் பானட்டை மெதுவாக மூடினான். அடித்து மூடியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வண்டியையா உன்கிட்ட விட்டுட்டுப் போனேன்? பிள்ளை கல்யாணத்தைல்லா விட்டுட்டுப் போனேன், காசி" என்றான்.

வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

9-8-1981, ஞாயிறு

நிக்காஹ். போகாமலிருக்க முடியுமா? போனேன். ரோட்டில் கண் திறக்க முடியாத காற்று. புளியங்குடியிலிருந்து மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு வண்டி வந்து சேரும்வரை பந்தலில் உட்காரவில்லை. தெருமுனையிலேயே நின்றேன். நின்று விடுமோ, நடுரோட்டில் நின்று என் பேரைச் சொல்லுமோ?

நிற்கவில்லை. சத்தம் துளி பிசகாமல் வந்தது. ஜப்பார்தான் ஓட்டினான். என்னைப் பார்த்தான். பிறகு பக்கத்தில் உட்காரவைத்துப் பிரியாணி பரிமாறினான். வண்டியைப் பற்றிப் பேசவில்லை.

13-8-1981, வியாழன்

ஆடித் தபசு. ஊரே ரத வீதியில். நான் போகவில்லை.

20-8-1981, வியாழன்

ஜப்பார் பஸ்ஸில் வந்தான். வண்டியை மருமகனுக்கே கொடுத்துவிட்டானாம்.

சொல்ல வந்ததை டீயைக் குடித்து முடித்த பிறகுதான் சொன்னான். "அங்கன சொன்னதை மட்டும்தான் செய்யணும். கேக்காம ஒரு நட்டை மாத்துனாலும் அன்னைக்கே பிளேன் ஏத்திருவான். கை காட்டுன எனக்கும் அதே பிளேன்தான். உனக்கு வேலை தெரியலன்னு சொல்லல வே. உன் கை நிக்காது."

விசா அவன் அக்கா மகன் சலாவுதீனுக்கு. புளியங்குடியில் பஞ்சர் ஒட்டுகிற பையன். பஞ்சர் ஒட்டச் சொன்னால் பஞ்சர் மட்டும் ஒட்டுவான்.

கோபப்பட வேண்டும் என்று பார்த்தேன். வரவில்லை. அவன் பொய் சொல்லியிருந்தால் வந்திருக்கும். பஸ் ஸ்டாண்டு வரை கூடவே போனேன். அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது, அழவில்லை.

6-9-1981, ஞாயிறு

காலையில் பழக்கத்தில் கொட்டகைக்குப் போய்விட்டேன். தரையில் எண்ணெய் வட்டம் மட்டும் இருக்கிறது.

18-10-1981, ஞாயிறு

வள்ளித்தாய் மாடு வாங்கலாம் என்கிறாள். மாட்டையாவது கழற்ற முடியாதாம்.

2-12-1981, புதன்

ஜப்பார் கடிதம். ஊரை விட்டு வெகு தூரத்தில், மணல்காட்டில் ரோடு போடுகிறார்களாம். மணல் புகுந்து தண்ணீர் லாரி இரண்டு படுத்துவிட்டது. சாமான் வர ஒரு மாதமாகும். முதலாளி தினமும் கத்துகிறார்.

'சலாவுதீன் சொன்னதைச் செய்கிறான். ஆனால் என்ன செய்ய என்று சொல்ல இங்கே ஆள் இல்லை. நீ அந்த டப்பாவை எப்படிச் செய்தாய் என்று அளவோடு படம் போட்டு அனுப்பு. அதை மட்டும் அனுப்பு.'

விசா என்ற வார்த்தை எங்கேயும் இல்லை. தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

3-12-1981, வியாழன்

இந்த நோட்டிலேயே இரண்டு தாளைக் கிழித்துப் படம் போட்டேன். கிண்ணம், டப்பா, ஹோஸ், டியூப் வளையம். நார் எத்தனை விரல் கனம், எண்ணெய் எதுவரைக்கும். பஞ்சு வைக்கவே கூடாது என்று அடிக்கோடு போட்டு எழுதினேன். கீழே விசாவைப் பற்றி ஒரு வரி எழுதி, எழுத்துத் தெரியாமல் அடித்துவிட்டேன்.

அத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் மணல் நம் புழுதி மாதிரி இல்லையே, கனம். எண்ணெய்க்கு வருவதற்கு முன்னாலேயே கீழே விழும்படி வாய்ப்பக்கம் ஒரு தடுப்பு வைத்தால் என்ன? வைத்து வரைந்தேன். சரியாக இருக்கிறது. நான் பார்க்காத மணலுக்கு, நான் பார்க்கப்போகாத லாரிக்கு.

வள்ளித்தாய் பக்கத்தில் நின்று, ஜப்பார் அண்ணாச்சி கடிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு படத்தைப் பார்த்தாள். தடுப்பின்மேல் விரலை வைத்தாள்.

"இதையும் அவுக கேட்டிருக்காகளா?"

இல்லை என்றேன். கவரை ஒட்டிவிட்டேன்.