மெஷின் ரிப்பேர்

மேடையில் முழங்கும் அக்காவுக்கு,

இரண்டு கட்சிக்கும் போஸ்டர் அடிக்கும் அப்பாவோடு இருக்க மாட்டேன் என்று நீ விடுதிக்குப் போனதிலிருந்து வீட்டில் கொள்கையும் இல்லை, கூச்சலும் இல்லை.

உங்கள் போஸ்டரை அப்பா அடிக்க மறுத்துவிட்டார் என்று உன் ஆட்கள் சொல்லியிருப்பார்கள். நடந்ததைக் கேள்.

செவ்வாய்க்கிழமை எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் அச்சகத்துக்கு ஒரு போஸ்டர் மாதிரி கொண்டுவந்தார். அதில் உன் படம். கீழே இருந்த வரிகளை நான் இங்கே எழுத மாட்டேன். அப்பா இரண்டு முறை படித்தார்.

"மெஷின் ரிப்பேருங்க."

"இப்பதானே ஓடிச்சு, அண்ணே?"

"ஓடுறதுதாங்க ரிப்பேராகும்."

அவர் போனதும் அப்பாவே மெஷின் பெல்ட்டைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "எங்கயாவது ஒளிச்சு வை. உனக்குத்தான் அது கைவந்த கலையாச்சே."

மறுநாள் உன் ஆட்களுக்கும் அதே பதில்தான். உங்களுக்கு மட்டும் ஓட்டினால் பொய்யின் சாயம் வெளுத்துவிடுமே! "விலை போயிட்டீங்களா?" என்று கத்தினார்கள். அப்பா கையிலிருந்த மையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"அக்காகிட்ட சொல்லட்டுமா?" என்றேன்.

"வேணாம்டா. அந்த வரியெல்லாம் அவ காதுக்குப் போகவேணாம்."

ஞாயிற்றுக்கிழமை வந்து அவரோடு ஒரு சண்டை போட்டுவிட்டுப் போ. மெஷினும் நீயும் இல்லாத அமைதி அவருக்குப் பழக்கமில்லை.

இப்படிக்கு,
எந்தக் கட்சியும் சேர்த்துக்கொள்ளாத தம்பி