கூறைச் சேலை மூட்டைகளுக்குக் கீழே

என்ர அப்பா,

அரபு நாட்டில், ருவைஸ் வெயிலில், மண் தள்ளும் டோசரின் நிழலுக்குள் இருந்து இதை எழுதுகிறேன். எதிரில் சுனில் சோறும் பருப்பும் சாப்பிடுகிறான். அவனைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். கோபப்படாமல் கேளுங்கோ.

போன மாதம் சைட்டில் ஒரு லொறி டயர் வெடித்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். நான் மட்டும் குப்புற விழுந்து, காதைப் பொத்தி, வாயைத் திறந்தபடி கிடந்தேன். ஷெல் வரும்போது செய்ய நீங்கள் பழக்கினது. தலையைத் திருப்பினால், டோசர் ஓட்டுகிற சுனிலும் அப்படியே கிடக்கிறான்.

"தும் பீ?" என்றான். நீயுமா என்று. அவனுக்குத் தமிழ் வராது, எனக்குச் சிங்களம் வராது. ஒரே நாட்டுக்காரர் இரண்டு பேர் இந்தியில் கதைக்கிறோம். சிரிக்கிறீங்களோ?

அவன் ஆமியில் இருந்தவன். மன்னாரிலிருந்து ஏறி வந்த படையணி. மணலில் விரலால் கீறிக் காட்டினான்: அடம்பன், மல்லாவி, கிளிநொச்சி, விசுவமடு, புதுக்குடியிருப்பு. கூரைத்தகரத்தையும் ஆட்டுக்கல்லையும் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு நாங்கள் போன அதே வரிசை, அப்பா! அவனுக்கு அது முன்னேற்றம். எங்களுக்கு இடப்பெயர்வு. ஒவ்வோர் ஊரிலும் தேத்தண்ணி வைக்க முதலே நீங்கள் நாங்கள் பதுங்கப் பங்கர் வெட்டத் தொடங்கிவிடுவீர்கள்.

எழும்பிப் போய்விட்டேன். அவன் ஓட்டுகிற டோசருக்கு முன்னால் நின்று கை காட்டுவதுதான் என் வேலை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேற டீம்ல போட்டுடவா தம்பி?" என்று மதுரைக்காரப் போர்மன் கேட்டார். ஓம் என்று வாய் வரை வந்தது. ஆனால் அம்மாவின் கேள்வி இருந்ததே.

கடைசியாய் ஒதுங்கின மாத்தளன் கடற்கரையில் ஷெல் விழுந்த அன்று, நீங்கள் வெட்டின பங்கருக்குள்ளேயே உங்களைக் கிடத்தினோம். அம்மாவின் சேலைகளில் தைத்த மண்மூட்டைகளைச் சரித்து மூடினோம். அவவின் கூறைச் சேலையும் அதற்குள்தான். "அங்கதான் கிடக்கிறாரோ, இல்லாட்டிக் கிளறி எறிஞ்சுபோட்டாங்களோ?" போன் எடுத்தால் இதைக் கேட்காமல் வைக்கமாட்டா.

அடுத்த நாள் சுனிலிடமே கேட்டேன். சாப்பாட்டுப் பெட்டியை மூடி வைத்தான்.

"சண்டை முடிய அந்தக் கரையில் டோசர் ஓட்டினவர்களில் நானும் ஒருவன். பங்கர்களைக் கிளறவில்லை. மண்ணைத் தள்ளி மூடினோம். உள்ளே யார் என்று எட்டிப் பார்க்கவில்லை." அவனே தொடர்ந்து, "சேலை மூட்டைகள் ஞாபகம் இருக்கு, தம்பி. கலர் கலராய்," என்றான். பிறகு அவன் சாப்பிடவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். அழுதா. "அப்ப, கற்பூரம் கொளுத்த எனக்கு ஒரு இடம் இருக்கு," என்றா.

சுனிலை மன்னித்துவிட்டேனா? தெரியாது, அப்பா. டீம் மாறவில்லை, அவ்வளவுதான். காலையில் டோசருக்கு முன்னால் நிற்கிறேன். நான் கையை உயர்த்தினால் அவன் நிறுத்துகிறான். ஆமியிடம் போன அண்டைக்கும் நாங்கள் எல்லோரும் கையை உயர்த்தித்தானே நின்றோம்?

வாற லீவில் அம்மாவை மாத்தளனுக்குக் கூட்டிவருவேன். அவவுக்கு ஒரு சேலை வாங்கி வைத்திருக்கிறேன். உடுத்துவதற்கு மட்டும்.

உங்கள் இளைய மகன்