ஏலத்தில் எடுத்த காணி

மார்ச் 8, சனி
காணி எனக்கு விழுந்துவிட்டது! நாங்கள் இருக்கும் கிரெய்கிபர்னிலிருந்து காரில் இரண்டு மணித்தியாலம் வடக்கே, கால் ஏக்கர் நிலம். உரிமையாளர் பல வருடமாக வரி கட்டாததால் அந்த ஊர்க் கவுன்சிலே ஏலத்தில் விற்றது. அகதியாகப் படகில் வந்து, வருடக்கணக்காகத் தற்காலிக விசாவில் இருந்தவன் நான். நிரந்தர விசா கிடைத்த பிறகு வாங்கிய முதல் பெரிய பொருள்.

மனைவி மேனுகா: "பாக்காத காணிய வாங்கிப்போட்டுச் சிரிக்கிறியள்."

ஓம், சிரிக்கிறேன்.

மார்ச் 10
இனி என்ன செய்வது? சட்டத்தரணி பிரியந்தினியிடம் போனேன். மிச்சப் பணத்தை முப்பது நாளுக்குள் கட்ட வேண்டும். உறுதிப் பத்திரம் என் பெயருக்கு மாறும்வரை உள்ளே கால் வைக்கக்கூடாது. "அங்க ஆரும் இருந்தா எழுப்பி வெளிய அனுப்பிறது உங்கட பாடு. கவுன்சில் வராது."

வெறுங்காணியில் ஆர் இருக்கப்போகிறார்கள்?

மார்ச் 15
இருக்கிறார்.

மேனுகாவும் நானும் வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். ஒரு கரவன் (காரில் கட்டி இழுக்கும் சின்ன வீடு), கொடியில் இரண்டு சேட்டு. கெவின் என்று ஒருவர் வெளியே வந்தார். அவர்தான் பழைய உரிமையாளர். மனைவி இறந்த பிறகு வந்த கடிதம் ஒன்றையும் அவர் பிரிக்கவில்லையாம். கோபப்படவில்லை. "நான் எப்போது போக வேண்டும்?" என்று மட்டும் கேட்டார்.

கடவுளே. எத்தனை வருசம் இந்தக் கேள்விய நான் வயித்துக்குள்ள வச்சிருந்தனான். இப்ப ஒருத்தர் என்னட்டக் கேக்கிறார்.

மார்ச் 16
என் காணி. என் காணிதானே?

மார்ச் 18
வரி நிலுவையும் செலவும் கழித்து, ஏலப் பணத்தில் மிஞ்சுவது கெவினுக்குத்தான் என்கிறார் பிரியந்தினி. கெவின் கவுன்சிலுக்கு எழுதிக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். இதை அவருக்கு ஒருவரும் சொல்லவில்லையா? — சொல்லியிருப்பார்கள். கடிதத்தில்.

மார்ச் 22
உறுதி இன்னும் மாறவில்லைதான், ஆனால் கெவினே உள்ளே கூப்பிட்டார். கரவனுக்குள் மூன்று பேருமாக ஒரு பை நிறையக் கடிதங்களைப் பிரித்தோம். மேனுகா திகதிப்படி அடுக்கினாள். மிஞ்சும் பணத்துக்கான விண்ணப்பத்தை நிரப்பியபோது கெவின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெண்டிகோ நகரில் இருக்கும் அவருடைய தங்கை தன்னிடம் வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாராம். வெறுங்கையோடு போக வெட்கமாம். மே முடியும்வரை இருக்கலாம் என்று தாளில் எழுதி இருவரும் கையெழுத்து வைத்தோம்.

ஏப்ரல் 4
உறுதி என் பெயரில். பத்துத் தரம் வாசித்தேன்.

ஜூன் 1, ஞாயிறு
கெவினுக்குப் பணம் வந்துவிட்டது; நேற்றுத் தங்கை வந்து அவரைக் கூட்டிப்போனார். இன்று முழுக்கக் காற்று. மேனுகா புல்லுக்குள் நடந்து நடந்து, வவுனியாவில் இருக்கும் தமக்கைக்கு வீடியோவில் காட்டிக்கொண்டிருந்தாள்: "இஞ்ச பாரக்கா, சமைக்கிற குசினி இந்தப் பக்கம் வரும்."