முழுசா எழுது

அக்டோபர் 7, 2024

வசீமின் தமிழ் டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். தைத்துக்கொண்டிருந்த ப்ளவுஸை அப்படியே மிஷினில் விட்டுவிட்டு ஓடினேன். காலாண்டு விடைத்தாளைக் காட்டினார். பாதி வாக்கியம், நடுவில் ஆங்கில எழுத்து. இங்கிலீஷ் தாளிலும் 'u', 'bcoz'.

"எல்லாம் போன் பாஷைம்மா. அரையாண்டும் இப்படின்னா மறுபடி ஒன்பதாவதுதான்."

என் பிள்ளையா? பார்த்துவிடலாம்.

அக்டோபர் 8

வீட்டுக்காரர் ஒரே வார்த்தையில் முடித்தார்: "போனைப் புடுங்கு."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! போன் என்ன செய்யும்? என் தையல் கடைக்கு வரும் மெசேஜுக்கெல்லாம் பதில் போடுவதே வசீம்தான். எனக்குத் துணியிலிருந்து கை எடுக்க நேரம் ஏது?

நேற்று ஒருத்திக்கு அவன் போட்ட '2mrw'வைக் காட்டி, "இத முழுசா சொல்லு" என்றேன். "நாளைக்கு சாயங்காலம் ரெடியாயிடும், வந்து வாங்கிக்குங்கக்கா" என்று மூச்சு விடாமல் சொன்னான். எல்லாம் தலைக்குள் இருக்கிறது. கேட்கத்தான் ஆளில்லை. இனி கடைப் பதில் ஒவ்வொன்றும் முழுத் தமிழில்தான். சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 12

சாமுண்டீஸ்வரி அக்காவுக்குப் போன பதில்: "மதிப்பிற்குரிய அக்கா, தங்கள் ரவிக்கைக்குக் கொக்கி வைக்கும் பணி மட்டுமே மீதமுள்ளது."

உடனே போன் செய்துவிட்டார். "இன்னாடி அஷ்ரஃபு, கல்யாணப் பத்திரிகை கணக்கா கீது?" விழுந்து விழுந்து சிரித்தோம். வசீம் சிரிக்கவில்லை.

அக்டோபர் 19

போனைக் கட்டிலில் வீசிவிட்டான். "பசங்க என்னைப் புலவரேன்னு கூப்புடுறானுங்கம்மா!" சாமுண்டீஸ்வரி அக்காவின் மகன் அவன் வகுப்புதான்; அந்த மெசேஜைக் காட்டியிருக்கிறான்.

நான்தான் பிள்ளையைப் போட்டு வதைக்கிறேனா? — ஆனா விட மாட்டேன்டா. சிரிக்கிறவனா வந்து உனக்குப் பரீட்சை எழுதப் போறான்?

"பசங்களுக்கு எப்படி வேணா எழுது. கடைக்கும் பரீட்சைக்கும் முழுசா எழுது" என்றேன். சாப்பிடாமல் படுத்தான். எனக்கும் இறங்கவில்லை.

அக்டோபர் 20

போனை அவனே எடுத்தான். அல்ஹம்துலில்லாஹ்.

நவம்பர் 23

'மதிப்பிற்குரிய' தானாகவே உதிர்ந்துவிட்டது. ப்ளவுஸ் தொளதொளவென்று இருக்கிறது என்று சண்டை பிடித்த சுதாவுக்கு இப்படி எழுதியிருக்கிறான்: "அக்கா, இந்தத் துணி துவைத்தால் சுருங்கும். அதனால்தான் அம்மா கொஞ்சம் தாராளமாக விட்டிருக்கிறார். ஒருமுறை துவைத்துப் போட்டுப் பாருங்கள்."

சுதா அடங்கிவிட்டாள். நான் பேசியிருந்தால் தெருவே கூடியிருக்கும்.

டிசம்பர் 10

தமிழ்ப் பரீட்சை. "எப்படிடா?" "அடிஷனல் ஷீட் வாங்குனேம்மா." எனக்கு அது போதும்.

ஜனவரி 6, 2025

தமிழில் எழுபத்தொன்று! இங்கிலீஷும் பாஸ். "போனைப் புடுங்கிட்டீங்களா?" என்றார் டீச்சர்.

"இல்லங்க. கையிலயே குடுத்தேன்."

ஜனவரி 21

என் வீட்டுக்காரரோடு வெளியே போயிருந்த வசீம், அத்தா போனிலிருந்து அனுப்பினான்: "அம்மா, அம்பத்தூரில் பஸ்ஸுக்கு நிற்கிறோம். ஒரே கூட்டம். பூந்தமல்லி வர நேரமாகும். எங்களுக்காகக் காத்திருக்காமல் சாப்பிடு. பசியோடு இருந்தால் உனக்குத் தலைவலி வந்துவிடும்."

படித்ததும் கண் கலங்கிவிட்டது. என் பிள்ளை எழுதியது! கையில் கத்தரி. ஒற்றை விரலால் 'k' தட்டிவிட்டு வெட்டத் தொடங்கினேன்.

வீட்டுக்குள் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"இன்னாம்மா இது? முழுசா எழுது."

கத்தரியை வைத்துவிட்டு எழுதினேன். முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றான்.