காற்று விழும் இடம்

ஜனவரி 17, வெள்ளி. கிளிநொச்சி

இரவுக்குப் பாணும் சம்பலும். சைக்கிள் சீற் உரசிய இடமெல்லாம் புண். கதிரையில் ஒருபக்கமாகச் சாய்ந்துகொண்டு எழுதுகிறேன். தெற்கே தெய்வேந்திரமுனையில் புறப்பட்டபோது இருந்த வீறாப்பு மதவாச்சியோடு போய்விட்டது. தக்சாயினி வழக்கம்போலக் குறட்டை.

வவுனியாவிலிருந்தே வாடைக்காற்று முகத்தில் அடிக்கிறது. நான் முன்னால், அவள் என் சைக்கிளின் பின்சில்லை ஒட்டி. பின்னால் வருகிறவளுக்குக் காற்றுப் படாது, பலம் மிச்சம். மாறி மாறிப் போவோம் என்றுதான் பேச்சு. ஆனால் அவள் முன்னுக்கு வந்தால் கொஞ்சத் தூரத்திலேயே இடது கையைப் பின்னால் ஆட்டுவாள் – ‘வா, மாறு’ என்று. நானும் போய்விடுவேன். கடலோரக் குருநகர்க்காரி எனக்குக் காற்று என்ன புதிதா?

கொக்குவிலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்து மேசை. இந்தப் பைத்தியமும் அங்கேதான் பிடித்தது. இலங்கையின் தெற்கு முனையிலிருந்து வடக்கு முனைவரை சைக்கிளில் ஓடிய பெண் எங்கள் சைக்கிள் கழகத்தில் இன்னும் இல்லை. முதலில் வருகிறவளின் பெயர் கழகப் பலகையில் ஏறும். அதனால் இரண்டு முன்சில்லும் ஒன்றாகப் பருத்தித்துறை முனைக்குப் போகவேண்டும், இரண்டு பெயரும் ஏறவேண்டும். அவள் பிள்ளையாராணை என்றாள், நான் மாதாவாணை என்றேன்.

ஜனவரி 18, சனி. குருநகர்

வீடு. குளித்ததே பெரிய சுகம். தக்சியும் எங்கள் வீட்டில்தான் தங்குகிறாள். அம்மா நண்டுக்கறி வைத்தா. தக்சிக்கு ஓடு உடைத்துக் கொடுத்தது நான். சாப்பிடும்போது கேட்டாள்:

“எடி, நாளைக்கு வல்லை வெளியிலை காத்து எங்களைத் தூக்கி எறியப்போகுது. எங்கைதான் அது அடங்கி விழும்?”

“நெல்லியடி வந்தால் வீடும் மதிலும் மறைக்கும். அங்கை விழுந்திடும். பிறகு பறக்கலாம்.”

பயந்துவிட்டாள் என்று நினைத்து முதுகில் தட்டினேன். கை கழுவிவிட்டு முற்றத்தில் நின்று தம்பியோடு போனில் கதைத்தாள். நான் அவளுக்குப் பாய் விரித்தேன்.

ஜனவரி 19, ஞாயிறு

வந்து சேர்ந்தோம். இல்லை, அவள் சேர்ந்தாள். நான் பிறகு வந்தேன்.

ஜனவரி 20, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன். காய்ச்சல் இல்லை, கொதி.

நேற்றையதை எழுதித் தொலைக்கிறேன். வல்லை வெளி முழுக்க நான்தான் முன்னால். ஒருதரம்கூட அவளை மாறச் சொல்லவில்லை. நெல்லியடியில் மதில்கள் தொடங்கின, காற்று விழுந்தது. மூச்சு வாங்கியபடி தண்ணீர்ப் போத்தலை எடுத்தேன். வலது பக்கத்தால் தக்சி போனாள். சீற்றை விட்டு எழும்பி நின்று மிதித்தாள். கூப்பிட்டேன். திரும்பவில்லை. என் கால் இரண்டும் செத்துக் கிடந்தன. அவளுக்கு மட்டும் எப்படி அவ்வளவு பலம்? என்ரை முதுகுக்குப் பின்னாலை ஒளிச்சு வந்த கால்கள்!

கடைசி நேர ஆசை, கண்மண் தெரியாமல் போய்விட்டாள் என்று வழிநெடுக எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். மன்னிக்கவும் தயாராகத்தான் இருந்தேன். முனையில் கழகத்துக்காரரும் அவளுடைய தம்பி பிரவீணனும் நின்றார்கள். அவள் கழுத்தில் மாலை. பிரவீணனின் கை வெறுங்கை. அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது, பாவம்.

“ராத்திரி போன் எடுத்த நேரம் அக்கா சொன்னவா, தான் முன்னுக்கு வந்திடுவனெண்டு. நீங்கள் மெதுவா ஆறுதலா வருவியளாம். அதுதான் ஒரு மாலை மட்டும் வாங்கினனான்.”

ராத்திரி. எங்கடை முற்றத்திலை நிண்டு. கையிலை அம்மாவின்ரை நண்டுக்கறி மணக்க மணக்க! நான் ஒரு விசரி – காத்து விழுற இடத்தையும் நானே எல்லோ சொல்லிக் குடுத்தனான்.

ஜனவரி 22, புதன்

கடையில் கண்ணாடி துடைத்துக்கொண்டே சொல்கிறாள்: “கொஞ்ச நேரம்தானேடி வித்தியாசம். ஆர் முன்னுக்கு வந்தால் என்ன?”

“ஒண்டுமில்லையெண்டால் ஏன் போனனீ?”

உள்ளே வந்த ஆளைப் பார்த்துச் சிரித்தாள்.

ஜனவரி 26, ஞாயிறு

கழகப் பலகையில் பெயர் எழுதியாயிற்று. ஒரு பெயர். எழுத்து வடிவாகத்தான் இருக்கிறது.

பெப்ரவரி 9, ஞாயிறு

கழக ஓட்டம், காங்கேசன்துறைக்கு. வாடை இன்னும் விடவில்லை. மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். கோண்டாவில் தாண்டியதும் பின்னால் அவளுடைய சங்கிலிச் சத்தம். எண்ணெய் விடு, எண்ணெய் விடு என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். ஒன்றுமே நடக்காத மாதிரி என் பின்சில்லோடு வந்து ஒட்டிக்கொண்டாள்.

நான் ஓரமாகி வேகத்தைக் குறைத்தேன். வேறு வழியில்லாமல் முன்னுக்குப் போனாள். இணுவிலில் இடது கையை ஆட்டினாள். நான் போகவில்லை. கொஞ்சத் தூரத்தில் மறுபடியும் ஆட்டினாள்.

மருதனார்மடம் சந்தியில் சத்தமில்லாமல் உடுவில் பக்கம் திருப்பினேன். காற்று முதுகுக்கு வந்தது. சண்டிலிப்பாய்வரை பெரிதாக மிதிக்கத் தேவைப்படவில்லை. ஒரு புகையிலைத் தோட்டத்து வேலியோரம் நின்று தண்ணீர் குடித்தேன்.

அவள் நேரே சுன்னாகம்வரைக்கும் கையை ஆட்டிக்கொண்டுதான் போயிருப்பாள், பின்னால் ஆளில்லாத றோட்டுக்கு.